கவிதைக்கு இடம் உண்டு, கணையத்துக்கு ஏன் இல்லை?

கேள்வி இதுதான்: தமிழ் சினிமாப் பாட்டுகளில் அநேகமாகக் கேட்கவே கேட்காத சொற்கள் எவை, அப்படியிருந்தும் எப்போதாவது உள்ளே வந்துவிட்ட சொற்கள் எவை, அவை எப்படி வந்தன? கூடவே ஒரு துணைக்கேள்வி: பாட்டெழுதிப் பழகுகிற ஒருவர் இந்த மாதிரிச் சொற்களைத் துணிந்து போடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் எல்லோரும் சங்கச் சொற்களைத்தான் பட்டியல் போடுவார்கள். அதையும் சொல்கிறேன், ஆனால் என் கருத்து கொஞ்சம் வேறு. சினிமாப் பாட்டில் உண்மையில் அரிதானது அகராதிச் சொல் இல்லை, நம் வீட்டுச் சொல். யாக்கையும் பசலையும் அரிமாவும் வந்துவிட்டன. வட்டியும் அடமானமும் மூட்டுவலியும் இன்னும் வாசலில்தான் நிற்கின்றன. காதல் பாட்டில் ரேஷன் கார்டைப் பற்றி ஒரு வரி எழுதிப் பாருங்கள், இசையமைப்பாளர் உங்களை எப்படிப் பார்ப்பார் என்று.

முதலில் எல்லோரும் சொல்லும் காரணம் மெட்டு. பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், பாட்டு பிறகுதான். இசையமைப்பாளர் 'தந்தன தானன' என்றோ 'லாலலா' என்றோ பாடிக் கொடுப்பார், எழுதுபவர் அந்த அளவுக்குள் சொல்லை உட்கார வைக்க வேண்டும். இந்தத் தத்தகாரம்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது என்பார்கள். பாதி உண்மை. பாடகர் ஓர் இடத்தில் நின்று இழுக்க வேண்டுமென்றால் ஆ, ஏ, ஓ மாதிரி ஒரு நெடில் வேண்டும். 'நிலா' என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம்; 'நிலவு' என்று இழுத்துப் பாருங்கள், உதடு குவிந்து உகரத்தில் முட்டிக்கொள்ளும். அதனால் அதை 'நிலவே' ஆக்கிவிடுகிறார்கள். நம் பாட்டுகளில் அன்பே, உயிரே, மலரே, கண்ணே என்று ஓயாமல் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பதற்குக் காதல் மட்டும் காரணமில்லை, அந்த ஏகாரம் பாடகருக்குக் கொடுக்கிற வசதியும் காரணம்.

ஆனால் மெட்டு மட்டும்தான் காரணம் என்றால் கீழே உள்ளதை விளக்க முடியாது. யாப்பு வாய்பாட்டை, அதாவது சொல்லின் அசை அளவுக்கு இலக்கணம் வைத்த பெயர்களை, எடுத்துக்கொள்ளுங்கள். 'கவிதை' என்பது நிரை நேர், புளிமா. 'கணையம்' என்பதும் அதே புளிமாதான். 'கண்ணம்மா' தேமாங்காய் என்றால் 'பித்தப்பை'யும் தேமாங்காய். 'அபிமானம்' உட்காரும் இடத்தில் 'அடமானம்' அச்சுப் பிசகாமல் உட்காரும். 'நெஞ்சம்' போகிற இடத்துக்கெல்லாம் 'வட்டி' போகலாம். சந்தம் இவற்றை எங்கேயும் தடுக்கவில்லை. அந்த இடத்தில் கண்ணம்மாவுக்குப் பதில் பித்தப்பை வந்தால் கேட்கிறவர் சிரித்துவிடுவார், அவ்வளவுதான் விஷயம்.

ஏன் சிரிப்பு? என் ஊகம் இது: சினிமாப் பாட்டு படத்தை விட்டுக் கழன்று வெளியே வந்து வாழ வேண்டியது. கல்யாண வீட்டு மைக் செட், டவுன் பஸ், இரவு வானொலி என்று போகிற இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் அதைத் தன் பாட்டாக நினைத்துக்கொள்ள வேண்டும். அதனால் யார் வீட்டுக்கும் சொந்தமில்லாத, எல்லார் தலைக்கு மேலும் பொதுவாக இருக்கிற வானம், மழை, காற்று, கனவு மாதிரியான சொற்களுக்கு மவுசு. 'அடமானம்' என்றதும் கேட்பவருக்குத் தன் நகையும் அது இருக்கிற கடையும் ஞாபகம் வந்துவிடும், பாட்டு அங்கேயே நின்றுவிடும்.

சரி, அப்படியும் உள்ளே வந்த சொற்களுக்கு வருவோம். தலைப்பில் கணையத்தைச் சொன்னது சும்மா இல்லை, அது ஒரு முறை வந்திருக்கிறது. 'எந்திரன்' (2010) படத்தில் வைரமுத்து எழுதிய 'புதிய மனிதா' பாட்டின் சரணத்தில் "ஈரல் கணையம் துன்பமில்லை" என்று ஒரு வரி. எஸ்.பி.பி. குரலில் அது பாட்டுக்கு நழுவிப் போய்விடும், பலர் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். எப்படி அனுமதி கிடைத்தது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும்: பாடப்படுகிறவனுக்கு உடம்பே கிடையாது, அவன் எந்திரம். கணையம் இல்லாதவனைப் பற்றிய பாட்டில்தான் கணையம் வர முடிந்தது. அதே பாட்டில் 'எஃகை வார்த்து' என்றும் வரும். ஆய்த எழுத்துள்ள சொற்கள் தமிழில் ஏற்கெனவே கொஞ்சம்தான். அதிலும் எஃகு, அஃறிணை போன்றவற்றைப் பாடும்போது அந்த ஃ தொண்டையில் ஒரு சின்னத் தடங்கல் மாதிரி விழும், அதனால் மெலடிக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள். இரும்பு மனிதன் பாட்டில் அந்தத் தடங்கலே பொருத்தமாகிவிட்டது.

அதே படத்தின் 'அரிமா அரிமா' இன்னொரு கதை. சிங்கம் என்றால் அரிமா. அந்தப் பாட்டு வருவதற்கு முன்னால் இந்தச் சொல்லை ஊர்ப்பக்கம் எங்கே பார்த்திருப்போம் என்றால் 'அரிமா சங்கம்' என்ற பெயர்ப் பலகையில், அதாவது லயன்ஸ் கிளப்பின் தமிழ்ப் பெயரில். இலக்கணம் படித்தவர்களுக்கு நன்னூலின் 'அரிமா நோக்கு' தெரிந்திருக்கும்: சிங்கம் நடக்கும்போது முன்னும் பின்னும் திரும்பிப் பார்ப்பதுபோல, ஒரு சூத்திரம் தனக்கு முன்னாலும் பின்னாலும் உள்ளதோடு பொருந்தி நிற்பது. இந்த இரண்டு இடத்தைத் தவிர வேறெங்கும் புழங்காத சொல்லை ஒரு பிரம்மாண்டப் பாட்டின் பல்லவியில் வைத்தால் ஓடுமா? ஓடியது. அந்தச் சொல்லின் ஒலி அப்படி: நடுவில் நல்ல இகரம், முடிவில் திறந்த ஆகாரம். கூட்டமாகக் கத்துவதற்கென்றே செய்த மாதிரி. பொருள் தெரியாத பிள்ளைகளும் கத்தினார்கள்.

சங்கச் சொற்களில் உச்சம் என்று நான் சொல்வது 'இருவர்' (1997) படத்தின் 'நறுமுகையே' பாட்டைத்தான், இதுவும் வைரமுத்து. தரளம் (முத்து), கொற்றப் பொய்கை, புரவி, மேகலை, பசலை, அப்புறம் குறுந்தொகையின் 40ஆம் பாட்டிலிருந்து யாயும் ஞாயும், செம்புலம் என்று இவ்வளவும் ஒரே பாட்டில். இன்றைக்குப் பசலை என்றால் முக்கால்வாசிப் பேருக்குக் கீரைதான் நினைவுக்கு வரும். பிரிவில் பெண்ணின் மேனியில் படரும் நிறமாற்றம் அது, திருக்குறளில் 119ஆம் அதிகாரமே அதற்குத்தான், பசப்புறு பருவரல். இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பாட்டில் வரும் 'அற்றைத் திங்கள்' புறநானூற்றின் 112ஆம் பாட்டிலிருந்து வந்தது. அங்கே அது காதல் பாட்டு இல்லை. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது: அந்த நிலவு நாளில் எங்கள் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இந்த நிலவு நாளில் குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. அப்பனை இழந்த பெண்களின் புலம்பலிலிருந்து இரண்டு சொல்லை எடுத்து, குளத்தில் குளித்த பெண்ணைப் பார்த்த காதலனின் வாயில் வைத்துவிட்டார். சிலருக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை, சொற்கள் அப்படித்தான் கைமாறுகின்றன. ஆனால் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு திரிகிறவர்கள் ஒரு முறையாவது அந்த ஐந்து வரியைப் படித்துப் பார்க்கலாம், அப்புறம் பாட்டே வேறு மாதிரி கேட்கும்.

அந்தப் படத்துக்குப் பழங்காலச் சாயல் தேவைப்பட்டது, அதனால் பழைய சொல்லுக்கு ஒரு சாக்கு இருந்தது. சாக்கே இல்லாமல் வந்தது 'யாக்கை'. 'ஆய்த எழுத்து' (2004) படத்தில் இளைஞர்கள் ஆடுகிற துள்ளல் மெட்டு, 'யாக்கை திரி' என்று தொடங்கும், அதன் முதல் சொல்லே யாக்கை. உடம்பு என்ற பொருளில் குறளில் "அன்பகத் தில்லா" என்று தொடங்கும் குறளுக்கு அடுத்ததாக "புறத்துறுப் பெல்லாம் எவன்செய்யும் யாக்கை" என்று வருமே, அதே யாக்கை. 'உடல் திரி' என்று போட்டிருந்தாலும் பொருள் ஒன்றுதான். ஆனால் யாக்கையில் உள்ள அந்த யா, அடுத்து வரும் வல்லின இரட்டைக் ககரம், இரண்டும் சேர்ந்து தாளத்தில் ஒரு வெட்டு விழுகிறது. 'உடல்' அதைத் தராது. இந்த இடத்தில் மெட்டு சொல்லைத் தேர்ந்தெடுத்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

தாமரை எழுதிய 'மன்னிப்பாயா' ('விண்ணைத்தாண்டி வருவாயா', 2010) பாட்டில் திருக்குறளே நேரடியாக வந்துவிடும். அதிலுள்ள 'புன்கணீர்' (துன்பக் கண்ணீர்) என்ற சொல் வேறெந்த சினிமாப் பாட்டிலும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. குறளை அப்படியே எடுத்துப் போட்டால் அரிய சொல் கேள்வி கேட்காமல் கூடவே வந்துவிடும், கொஞ்சம் எளிய வழிதான், ஆனால் அந்தப் பாட்டில் நன்றாகவே பொருந்தியது.

இனி ஊர்ச் சொற்கள். சங்கச் சொற்களைவிட இவைதான் எனக்குப் பெரிய அதிசயம், ஏனென்றால் இவற்றுக்கு 'இலக்கியம்' என்ற பாதுகாப்பு கிடையாது, பட்டிக்காட்டுப் பேச்சு என்று ஒரே வார்த்தையில் வெட்டிவிடலாம். 'முதல்வன்' (1999) படத்தின் 'உளுந்து விதைக்கையிலே' பாட்டைக் கேளுங்கள். ஒரு பெண் கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறாள், வழியில் பார்த்த நல்ல சகுனங்களைச் சொல்கிறாள். ஊதக்காத்து, ஆத்துமேடு, வைக்கப்படப்பு, அங்கே கத்துகிற கவுளி. பல்லி என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சகுனம் பார்க்கிற வாய்க்கு அது பல்லி இல்லை, கவுளிதான். கவுளி சொல்லுக்குப் பலன் பார்க்கிற பாட்டிகள் இருந்த வீடுகளுக்கு இது புரியும். அதே படத்தில் 'குறுக்கு சிறுத்தவளே'. தென்மாவட்டங்களில் குறுக்கு என்றால் இடுப்பு, 'குறுக்கு வலிக்குது' என்று வேலை முடிந்து வந்து சொல்வார்கள். இடை, சிற்றிடை, கொடியிடை என்று நூற்றாண்டுக் கணக்கில் பாடப்பட்ட ஒன்றை, வலிக்கிறபோது மட்டும் நினைவுக்கு வருகிற ஒரு சொல்லால் கூப்பிட்டிருக்கிறார். வைரமுத்து தேனிப்பக்கம் வடுகபட்டியில் வளர்ந்தவர், அந்தச் சொற்கள் அவருக்கு அகராதியிலிருந்து வரவில்லை. 'கருத்தம்மா' (1994) படத்தில் புவியியல் பாடப் புத்தகச் சொல்லான 'தென்மேற்குப் பருவக்காற்று' ஒரு காதல் பாட்டின் முதல் வரியானதும் அதனால்தான். தேனிக்காரர்களுக்கு அது பாடம் இல்லை, ஆண்டுதோறும் முகத்தில் அடிக்கிற காற்று.

இவை எல்லாவற்றிலும் எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க அனுமதி என்றால் 'வெள்ளாவி'யைச் சொல்வேன். 'ஆடுகளம்' (2011), சினேகன் எழுதிய 'யாத்தே யாத்தே'. வெள்ளைத்தோல் பெண்ணைப் பார்த்து மதுரைப் பையன் கேட்கிறான், உன்னை வெள்ளாவி வைத்தா வெளுத்தார்கள் என்று. வெள்ளாவி என்பது சலவைத் தொழிலாளர்களின் சொல். அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, அடுப்பின்மேல் பெரிய பானைக்கு மேலே அடுக்கி, கீழே தீ மூட்டி, இரவு முழுக்க ஆவியில் வேக விடுவார்கள். காலையில் துறைக்குக் கொண்டுபோய் அடித்துத் துவைத்தால் துணி அப்படி வெளுக்கும். வாஷிங் மெஷினும் பவுடரும் வந்தபின் பல ஊர்களில் அந்த அடுப்பே இல்லை. நிலவைப் போல், பாலைப் போல் என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஓர் இடத்தில் இப்படி ஒரு சொல் வந்து விழுந்தது. கவனியுங்கள், அது அழகான சொல் என்பதற்காக வரவில்லை. அந்தப் பையன் வாயில் அதுதான் வரும். கூடவே 'வெளுத்தாய்ங்களா' என்ற மதுரை வினைமுற்று. 'வெளுத்தார்களா' என்று திருத்தியிருந்தால் வெள்ளாவியும் சேர்ந்து செத்திருக்கும். அழகுக்கு வெள்ளைத்தோலே அளவுகோல் என்ற பழைய நோய் அந்த வரியிலும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சொல் என்று பார்த்தால், ஒரு தொழிலின் அடுப்படியிலிருந்து நேராகக் காதல் பாட்டுக்கு வந்த சொற்கள் ரொம்பக் குறைவு.

'கடல்' (2013) படத்தில் 'ஏலே கீச்சான்', மதன் கார்க்கி எழுதியது. கீச்சான் ஒரு மீன். நம் பாட்டுகளில் மீன் என்றால் பெரும்பாலும் பெண்ணின் கண்தான், பெயர் சொன்னால் கெண்டை, கயல். சட்டியில் வேகிற மீனுக்குப் பெயரோடு இடம் கிடைத்தது அந்தப் படத்தின் கடற்கரை ஆட்களால்.

அதே மதன் கார்க்கியின் 'என்னமோ ஏதோ' ('கோ', 2011) பாட்டில் 'குவியமில்லா' என்று வரும். குவியம் என்றால் ஃபோகஸ். பத்தாம் வகுப்பு இயற்பியலில் லென்ஸ் பாடத்தில் படித்து, பரீட்சையோடு மறந்துவிட்ட சொல். அந்தப் படத்தின் நாயகன் பத்திரிகைப் புகைப்படக்காரன், இயக்கிய கே.வி.ஆனந்தும் ஒளிப்பதிவாளர், ஆகவே அங்கே அது வரலாம். பாத்திரத்தின் தொழில் திறந்துவிடுகிற கதவு இது. ஆனால் இந்தக் கதவு கேமராக்காரனுக்கும் விஞ்ஞானிக்கும் திறக்கிற அளவுக்குக் கொத்தனாருக்கோ கணக்கருக்கோ திறப்பதில்லை. சாரம், ரசமட்டம், மணல் சலிக்கிற சல்லடை எல்லாம் எவ்வளவு அருமையான சொற்கள், கட்டடத் தொழிலாளி நாயகனாக வந்தாலும் பாட்டு ஆரம்பித்ததும் அவன் வானத்தைத்தான் பார்க்கிறான்.

'நண்பன்' (2012) படத்தின் 'அஸ்கு லஸ்கா'வையும் கேட்டவர்கள் குறிப்பிடுவார்கள். பல மொழிகளில் காதலுக்கு உள்ள சொற்களை வரிசையாக அடுக்கிய பாட்டு: அஸ்க் துருக்கியில், லஸ்கா செக், சுலோவாக்கிய மொழிகளில், ஆகாவா எபிரேயத்தில், போலிங்கோ ஆப்பிரிக்காவின் லிங்காலாவில். சிந்தா மலாய்ச் சொல், மலேசியத் தமிழர்களுக்கு அது தெருவில் தினமும் காதில் விழுவது, நமக்குத்தான் அதிசயம். கெட்டிக்காரத்தனம் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வெள்ளாவி செய்ததை இது செய்யவில்லை. அங்கே சொல் ஓர் ஆளைக் காட்டியது, இங்கே சொல் எழுதியவரின் படிப்பைக் காட்டுகிறது.

பொருளே இல்லாத சொற்களை நான் இதில் சேர்க்கவில்லை. முக்காபுலா, ஷக்கலக்க, ரண்டக்க, நாக்க முக்க என்று அது தனி உலகம். அதையெல்லாம் கோத்து 'தமிழ்ப் படம்' (2010) 'ஓ மகசீயா' என்று கிண்டலாக ஒரு முழுப் பாட்டே போட்டுவிட்டது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சமையலறையைப் பாட்டுக்குள் கொண்டுவர முடியாது என்று யாராவது சொன்னால் 'பலே பாண்டியா' (1962) இருக்கிறது. கண்ணதாசனின் 'அத்திக்காய்'. காதலர்கள் நிலவைப் பார்த்துப் பாடுகிற பாட்டில் அவரைக்காய், மாதுளங்காய், ஏலக்காய், ஜாதிக்காய், மிளகாய், சுரைக்காய், வெள்ளரிக்காய், கொத்தவரங்காய் என்று ஒரு சந்தையே இருக்கிறது. எப்படிச் சமாளித்தார்? காய் என்பதை நிலா காய்கிற வினையாக ஆக்கிவிட்டார். அவரைக்காய் என்பது 'அவரைக் காய்', என்னைச் சுடாதே அவரைச் சுடு. மாதுளங்காய் 'மாது உளம் காய்'. சுரைக்காய் தனியாக வரவே வராது, 'பேச்சு உரைக்காயோ' என்பதற்குள் ஒளிந்திருக்கும். காளமேகப் புலவர் காலத்துச் சிலேடை விளையாட்டு. கொத்தவரங்காயை யாரும் சிரிக்காமல் காதல் பாட்டில் பாட வைக்க இப்படி ஒரு வித்தை தேவைப்பட்டிருக்கிறது என்பதே, அந்தத் தடை எவ்வளவு பலமானது என்று சொல்லிவிடுகிறது.

அரிது என்பது காலத்துக்குக் காலம் மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'சிவகவி' (1943) படத்தில் பாகவதர் 'வதனமே சந்திர பிம்பமோ' என்று பாடி, அடுத்து சரோஜம் (தாமரை) என்கிறார். அன்றைக்கு அது சாதாரணப் பாட்டு மொழி. இன்று வதனம் என்று எழுதினால் நக்கல் என்று நினைப்பார்கள், சரோஜத்துக்குப் பொருள் கேட்பார்கள். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் தள்ளி 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், நிலத்தைக் கொத்தி, கம்மாக் கரையை உயர்த்தி, வாய்க்கால் வெட்டி, சம்பா நட்டு, வரப்பு மறைகிற அளவுக்கு நெல் விளைந்தும் நமக்குக் கையும் காலும்தான் மிச்சம் என்று எழுதினார். வேலையின் சொற்கள் அவ்வளவும் ஒரு பாட்டில், அதுவும் ஒரு காதல் ஜோடி பாடுகிற பாட்டில். அவர் 1959இல் 29 வயதில் இறந்துபோனார். அவருக்குப் பிறகும் உழவுப் பாட்டுகள் வந்தன, ஆனால் அவற்றில் உழவு பெரும்பாலும் பின்னணிக் காட்சியாகிவிட்டது, வேலை நடக்கிற வரிசை தெரிந்து எழுதியவர்கள் குறைந்துவிட்டார்கள்.

படத்துக்கு வெளியே போனால் நிலைமை நன்றாக இருக்கிறது. இலங்கையில் 'பொப்' என்றே பெயர் வைத்துப் பாடிய காலத்தில் நித்தி கனகரத்தினம் சின்ன மாமியையும் கள்ளுக்கடையையும் பாடினார், ஏ.ஈ.மனோகரன் 'சுராங்கனி'யில் சிங்களத்தில் மீன் கொண்டுவந்தார். கிதாரும் கைத்தட்டலுமாகப் போகிற பாட்டில் மாமி, கள்ளு, மீன் எல்லாம் இயல்பாக நின்றன. சென்னைக் கானாவில் எந்தச் சொல்லுக்கும் தடை இல்லை; அங்கே புழங்கிய 'மெர்சல்' கபிலன் எழுதிய 'மெர்சலாயிட்டேன்' வழியாக 'ஐ' படத்துக்குள் வந்து, 2017இல் வேறொரு படத்தின் தலைப்பாகவே ஆகிவிட்டது. 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் கம்பளிப்பூச்சி, மீன்கொத்தி, சுருக்குப் பை, பூட்டன் எல்லாம் வந்தன. உலகமெங்கும் ஓடிய பாட்டு அது. சுருக்குப் பை என்றால் என்ன என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டிருப்பார்கள். வீட்டுச் சொல் போட்டால் பாட்டு எடுபடாது என்ற பயத்துக்கு அந்த ஒரு பாட்டே போதுமான பதில்.

நீங்களே தேடிப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு வழி சொல்கிறேன்: பல்லவியில் தேடாதீர்கள். பல்லவியில் வருவது திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டியது, அங்கே பழகிய சொல்லைத்தான் வைப்பார்கள், அல்லது அரிமா, யாக்கை மாதிரி பொருள் தெரியாவிட்டாலும் ஒலியால் பிடித்து இழுக்கிற சொல்லை. எழுதுபவருக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைப்பது சரணத்தில், அதுவும் இரண்டாம் சரணத்தில். தயாரிப்பாளர் அதுவரை பொறுமையாகக் கேட்க மாட்டார் என்று பாட்டெழுதுகிறவர்கள் நம்புவார்கள் போலிருக்கிறது. கணையம் சரணத்தில் இருக்கிறது, யாயும் ஞாயும் சரணத்தில் இருக்கிறது. பல பாட்டுகளை நாம் பல்லவியோடு நிறுத்திவிடுகிறோம், அதனால்தான் எல்லாப் பாட்டிலும் ஒரே சொற்கள் என்று தோன்றுகிறது.

துணைக்கேள்விக்கு: போடலாம், ஆனால் சொல்லை முதலில் எடுத்துக்கொண்டு அதற்கு இடம் தேடாதீர்கள். யார் பாடுகிறார், அவர் வாயில் அது வருமா என்று பாருங்கள். ஐ.டி. கம்பெனிக்காரன் 'தரளம்' என்றால் நடிப்பு. அவன் 'டெட்லைன்' என்றும் 'இ.எம்.ஐ.' என்றும் பாடட்டும், தப்பில்லை. ஒரு பாட்டுக்கு இப்படி ஒன்று அல்லது இரண்டு சொல் போதும், சுற்றிலும் எளிய சொற்கள் இருந்தால்தான் புதியதைக் காது பிடித்துக்கொள்ளும்; 'நறுமுகையே' மாதிரி முழுக்க நிரப்புவதற்கு அந்த மாதிரி ஒரு படமும் அந்த மாதிரி ஒரு மெட்டும் வாய்க்க வேண்டும். எதுகைக்குச் சொல் கிடைக்காமல் திண்டாடினால் மதன் கார்க்கியின் ஆய்வு அமைப்பு வெளியிட்ட 'எமோனி' மாதிரி இயைபுச் சொல் தேடும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, ஆனால் அது தரும் பட்டியலில் உங்களுக்கே புதிதாக இருக்கிற சொல்லைத் தொடாதீர்கள். எழுதி முடித்ததும் பாடத் தெரிந்த யாரிடமாவது கொடுத்து இரண்டு முறை பாடச் சொல்லுங்கள். முதல் முறை எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்க வேண்டாம், எந்தப் புதுச் சொல்லுக்கும் அது நடக்கும். இரண்டாம் முறையும் அதே இடத்தில் தடுமாறினால் சொல்லை எடுத்துவிடுங்கள். தடுமாறாமல் பாடிவிட்டு 'ஆமா, இது என்ன?' என்று கேட்டால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.